சேற்றில் இறங்கும் சரக்கு வண்டி: பழைய ‘ஃபோர் வீல்’ வாகனத்தைத் தயார் செய்யும் முறை

ஐப்பசி பிறந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார வணிகர்களுக்கு இரண்டு கவலைகள். கொள்முதல் செய்த சரக்கு நனையாமல் கடைக்கு வந்து சேர வேண்டும். வந்த சரக்கு சில்லறைக் கடைக்கும் வாடிக்கையாளர் வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். செங்குன்றத்து அரிசியும் கோயம்பேட்டுக் காய்கறியும் பெரிய சாலை வரை எப்படியோ வந்துவிடுகின்றன. அதற்கு அப்பால் உள்ள ஒன்றிரண்டு கிலோ மீட்டர்தான் சோதனை. ஏரிப் பாசன வயல்கள் மனைப் பிரிவுகளாக மாறிய இடங்களில் தெருவுக்கு அடியில் இருப்பது களிமண். இரண்டு நாள் மழை போதும், மினி லாரியின் பின்சக்கரம் ஒரே இடத்தில் சுழன்று குழி பறிக்கத் தொடங்கிவிடும்.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டதையும், அடையாற்றங்கரை ஊர்கள் பட்ட பாட்டையும் யாரும் மறக்கவில்லை. 2020 மே மாதம் கொரோனா காரணமாகக் கோயம்பேடு காய்கறிச் சந்தை திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது, மழை பெய்த நாட்களில் அந்தத் திடல் சேறாகி வண்டிகள் திணறியதைப் பலர் நேரில் கண்டோம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு, “பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கிப் போட்டால் என்ன?” என்ற எண்ணம் நம்மில் பலருக்கு எழுவது இயற்கை. அப்படி வாங்க நினைப்போருக்காகவும், ஏற்கெனவே வாங்கிவிட்டோருக்காகவும் இந்தப் பாடத்தை எழுதுகிறோம். இதன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழைய வண்டியைக் கரடுமுரடான வழிக்குத் தயார் செய்வது என்பது புதிதாக எதையெதையோ மாட்டுவதல்ல. ஏற்கெனவே இருப்பதைக் குறையில்லாமல் சீர் செய்வதுதான். மாட்டுவது கடைசி வேலை; பெரும்பாலும் தேவைப்படாத வேலை.

வாங்கும் முன் ஒரு கணக்கு

சென்ற இரண்டு மழைக்காலங்களின் டெலிவரி நோட்டை எடுத்துப் பாருங்கள். சாதாரண வண்டி போக முடியாமல் சரக்கு நின்ற நாட்கள் எத்தனை? ஆண்டுக்கு நான்கைந்து நாட்கள்தான் என்றால், அதற்காக ஒரு வண்டியில் முதலை முடக்க வேண்டியதில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர் போன்றவற்றில் பத்து நாள் இருப்பைக் கூடுதலாக உயரமான இடத்தில் அடுக்கி வைப்பது மலிவான வழி. மாறாக, செங்கல் சூளை, பண்ணை, புதிய மனைப் பிரிவு, கட்டட வேலை நடக்கும் இடங்கள் என்று ஆண்டு முழுவதும் மண் பாதையில் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்த வண்டி தன் செலவைத் தானே சம்பாதித்துக் கொடுக்கும்.

நான்கு சக்கரமும் இழுப்பது எப்படி?

சாதாரண சரக்கு வண்டியில் எஞ்சினின் இழுவை பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே போகிறது. நடுவில் உள்ள ‘டிஃபரன்ஷியல்’ என்னும் பல்சக்கர அமைப்பு, வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதலாகச் சுற்ற வழிவிடுகிறது. நல்ல சாலையில் இது வரம். சேற்றில் இதுவே சாபம். ஒரு சக்கரம் வழுக்கிச் சுழலத் தொடங்கினால், பிடிப்புள்ள மற்றொரு சக்கரம் சும்மா நின்றுவிடும்.

நான்கு சக்கர இயக்க வண்டியில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் ‘டிரான்ஸ்ஃபர் கேஸ்’ என்ற இன்னொரு பெட்டி உண்டு. இதுதான் இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. பழைய ஜீப், ஜிப்ஸி வகைகளில் இதற்குத் தனிக் கம்பி இருக்கும். ‘2 ஹை’ என்பது வழக்கமான சாலை ஓட்டம். ‘4 ஹை’ என்பது ஈரமான மண் பாதைக்கு. ‘4 லோ’ என்பது வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்குவது. ஆழமான சேறு, செங்குத்தான மேடு, நின்றுபோன வண்டியை இழுத்தல் ஆகியவற்றுக்கு இது உரியது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, இத்தகைய வண்டியைக் காய்ந்த தார்ச் சாலையில் ‘4’-ல் வைத்து ஓட்டக் கூடாது. திரும்பும்போது முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு தூரம் உருள வேண்டும். இரண்டையும் பூட்டி வைத்தால் அழுத்தம் டிரான்ஸ்ஃபர் கேஸின் மீதும் ஜாயின்ட்டுகள் மீதும் விழுந்து பல் உடையும். இரண்டாவது, நான்கு சக்கர இயக்கம் இருந்தாலும் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் பிடிப்பை இழந்தால் வண்டி நின்றுவிடும். ‘ஃபோர் வீல்’ என்றால் எங்கும் போகும் என்பது தவறான நம்பிக்கை.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

மகிந்திரா நிறுவனம் 1947 முதல் வில்லீஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. மாருதி ஜிப்ஸி 1985-ல் வந்தது; அதன் பொது விற்பனை முடிந்து சில ஆண்டுகள் ஆகின்றன. பொலிரோ கேம்பர், பொலிரோ பிக்-அப் ஆகியவற்றில் நான்கு சக்கர இயக்கம் கொண்ட வகைகளும் வந்துள்ளன. சரக்குக்கு என்று பார்த்தால் நம் தொழிலுக்குப் பொருந்துபவை இந்தப் பிக்-அப் வகைகளே. ஆனால் ஒரே பெயரில் இரு சக்கர இயக்க வண்டிகள்தான் மிகுதி. வண்டிக்கு அடியில் குனிந்து, முன் அச்சுக்கும் ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்ட் போகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

ஆவடி ராணுவ வாசனை வீசும் ஊர். 1961-ல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறைக் கிடங்குகளும் இருப்பதால், “டிஸ்போசல் ஜீப்” என்ற பேச்சு இங்கே அடிக்கடி காதில் விழும். படைத்துறையும் அரசுத் துறைகளும் கழிக்கும் வண்டிகள் எம்.எஸ்.டி.சி. நிறுவனத்தின் மின்னணு ஏலத்தில் வருவது உண்மைதான். ஆனால் ஏலத் தாள்களும் விடுவிப்புச் சான்றும் முறையாக இல்லாத வண்டியைப் பதிவு செய்ய முடியாது. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்ற விதியும் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே இத்தகைய வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது. பார்க்க வேண்டியவை:

1. சட்டம். சேஸிஸ் நெடுகச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். மந்தமான ஓசை வரும் இடத்தில் துரு உள்ளே தின்றிருக்கிறது. புதிய வெல்டிங் தழும்பு, புதிதாகப் பூசிய தார்ப் பெயின்ட் ஆகியவை இருந்தால் சந்தேகப்படுங்கள்.

2. எண்ணெய். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்பின் அச்சுகள் ஆகியவற்றின் திருகைத் திறந்து பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காப்பி போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது.

3. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா? சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் வண்டல் கறை இருக்கும். ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, தரை விரிப்புக்கு அடியில் மண், ஊசல் வாடை ஆகியவையும் சாட்சி சொல்லும்.

4. நான்கு சக்கர இயக்கம் வேலை செய்கிறதா? மண் தரையில் ‘4 ஹை’, ‘4 லோ’ இரண்டிலும் போட்டு மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். கியர் தானாக வெளியே துள்ளினாலோ, திரும்பும்போது முன்சக்கரத்தில் ‘கட கட’ என்று ஓசை வந்தாலோ செலவு காத்திருக்கிறது. முன் ஹப்பில் திருகி மாற்றும் பூட்டு உள்ள வண்டியில் அது இரு பக்கமும் பூட்டுகிறதா என்று பாருங்கள். பல ஆண்டுகள் தொடாமல் விட்டதால் இறுகிப்போன பூட்டுகள் ஏராளம்.

5. தாள்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., செலுத்தாத அபராதம், நிதி நிறுவனக் கடன் ஆகியவற்றைச் சரிபாருங்கள். கடன் இருந்தால் 35-ஆம் படிவமும் நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பூந்தமல்லி, அம்பத்தூர் ஆகிய இரண்டு இடங்களிலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இருப்பதால் தள்ளிப்போடக் காரணமில்லை.

சொந்த உபயோக ஜீப்பாகப் பதிவான வண்டியில் கடைச் சரக்கை ஏற்றித் திரிவது முறையல்ல. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக் கோரிக்கையே கேள்விக்குள்ளாகும். சரக்கு வாகனமாகப் பதிவானதையே வாங்குங்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி விஷயத்திலும் சரக்கு வண்டிக்கும் ஆட்கள் செல்லும் வண்டிக்கும் வேறுபாடு உண்டு, கணக்காளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தயார் செய்யும் வரிசை

வாங்கிய பிறகு கையில் உள்ள பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது? கீழ்க்கண்ட வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் எண்ணெய்களும் கிரீஸும். எஞ்சின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் அச்சு, பின் அச்சு ஆகிய ஐந்து இடங்களிலும் பழையதை வடித்துவிட்டுப் புதியது ஊற்றுங்கள். விற்றவர் “போன மாதம்தான் மாற்றினேன்” என்று சொன்னாலும் மாற்றுங்கள். வடித்த எண்ணெயில் இரும்புத் துகள் மின்னுகிறதா என்று பாருங்கள். வண்டியின் உடல்நிலையை அதுவே சொல்லிவிடும். ஜாயின்ட் கிராஸ், ஸ்பிரிங் பட்டை பின்கள், சக்கர பேரிங்குகள் அனைத்துக்கும் கிரீஸ் வையுங்கள். கசியும் ஆயில் சீல்களை மாற்றுங்கள். எண்ணெய் வெளியே வரும் வழியில்தான் நீர் உள்ளே போகும்.

இரண்டாவது, பிரேக்கும் ஸ்டியரிங்கும். நான்கு சக்கரங்களையும் கழற்றி லைனர், டிரம், ரப்பர் வாஷர், பிரேக் குழாய் எல்லாவற்றையும் பாருங்கள். சேற்றில் இறங்குவதற்கு இழுவை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சரக்கோடு சரிவில் நிற்பதற்குப் பிரேக் வேண்டும் என்பது மறந்துபோகிறது. பிரேக், மின்சாரப் பாகங்கள் செய்யும் பெயர் பெற்ற தொழிற்சாலைகள் பாடியிலேயே இருக்கின்றன. அசல் பாகம் நமக்கு எட்டாத பொருளல்ல. புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்குவோர் கதவு, பம்பர் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வது நலம். பிரேக், ஸ்டியரிங் பாகங்களைப் பழையதாக வாங்கக் கூடாது.

மூன்றாவது, டயர். நான்கும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். அளவு வேறுபட்டால் ‘4’-ல் போடும்போதெல்லாம் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடி வாங்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். ‘3521’ என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். நூல் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் பத்து வயதான டயர் வேண்டாம். நம் வட்டாரத்துக்குத் தார்ச் சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ‘ஆல் டெர்ரைன்’ வகை போதும். முழுச் சேற்று டயர் ஈரமான தார்ச் சாலையில் பிரேக் பிடிப்பைக் குறைக்கும். இரைச்சலும் எரிபொருள் செலவும் கூடும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும்.

நான்காவது, குளிர்விப்பும் மின்சாரமும். ‘4 லோ’-வில் எஞ்சின் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாகப் போகும். முன்காற்று கிடைக்காததால் சூடு ஏறும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து ஹோஸ், ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் புதுப்பியுங்கள். பேட்டரி குலுங்காதபடி கிளாம்ப் போடுங்கள். தொங்கும் ஒயர்களை உயர்த்திக் கட்டுங்கள்.

ஐந்தாவது, நீர் புகாமல் தடுத்தல். சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே உள்ள காற்று சுருங்கி, மேலே உள்ள சிறு மூச்சுத் துளை வழியாக நீரை உறிஞ்சும். அந்தத் துளையில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. சொற்பச் செலவு, பெரும் பயன். ஏர் ஃபில்டருக்குக் காற்று எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பதையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது, மீட்புச் சாமான்கள். முன்னும் பின்னும் சேஸிஸில் போல்ட் போட்டுப் பூட்டிய இழுவைக் கொக்கிகள், நல்ல நைலான் பட்டை, ஷேக்கிள், மண்வெட்டி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கனமான பலகை, காற்றடிக்கும் சிறு கம்ப்ரெசர், காற்று அளக்கும் கருவி, கையுறை, டார்ச் விளக்கு ஆகியவை போதும். இவற்றோடு நம்மிடம் எப்போதும் உள்ள ஒரு பொருள் பழைய சணல் சாக்கு. வழுக்கும் சக்கரத்துக்கு முன்னால் இரண்டு சாக்கை மடித்து வைத்தால் பல நேரங்களில் வண்டி தானே ஏறிவிடும்.

வேண்டாத செலவும் சட்டமும்

வண்டியை உயர்த்துவது, அளவுக்கு மீறிய டயர், முன்னால் இரும்புக் கம்பி அரண், கூரை மேல் வரிசை விளக்கு ஆகியவற்றைத்தான் பலர் முதலில் செய்கிறார்கள். கம்பி அரண்கள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. உற்பத்தியாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, உயர்த்திய வண்டியில் மூட்டை ஏற்றினால் கவிழும் அபாயமும் கூடும். காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் ‘ஸ்நார்க்கல்’ குழாயைப் பொருத்திவிட்டதால் வண்டி படகாகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சேற்றிலும் நீரிலும்

மூட்டைகளை அச்சுகளுக்கு இடையில், தாழ்வாக, அசையாதபடி கட்டுங்கள். சேற்றில் போகும் நாளில் வழக்கமான பாரத்தைக் குறைத்து இரண்டு நடையாக அனுப்புங்கள்.

சேறு தொடங்கும் முன்பே ‘4’-ல் போட வேண்டும். மாட்டிக்கொண்ட பிறகு போடுவது காலங்கடந்த செயல். பாரம் குறைவாக இருந்தால் டயர் காற்றை 30 பவுண்டிலிருந்து 20 பவுண்டு அளவுக்கு இறக்கலாம். டயர் பரந்து மண்ணைப் பிடிக்கும். அந்த நிலையில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். தார்ச் சாலையில் ஏறும் முன் மீண்டும் காற்றடிக்க வேண்டும். சக்கரம் ஒரே இடத்தில் சுழலத் தொடங்கினால் உடனே ஆக்ஸிலேட்டரை விடுங்கள். வந்த தடத்திலேயே பின்வாங்கி, மண்ணை வெட்டி, சாக்கு வைத்து மறுபடி முயலுங்கள்.

வேறு வண்டியால் இழுக்கும்போது பம்பரில் கட்டக் கூடாது. கயிறு அறுந்தால் சாட்டை போல வீசும். உயிர்ச் சேதம் நேரும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கைப் போர்த்தி, கடைப் பையன்கள் அனைவரையும் கயிற்றின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

நீரைப் பற்றி நம் முன்னோர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்: ஆழம் தெரியாமல் காலை விடாதே. ஓடும் நீரில் 30 சென்டிமீட்டர் ஆழம் சிறிய காரை நகர்த்தும். 60 சென்டிமீட்டர் ஜீப் போன்ற பெரிய வண்டியையும் அடித்துச் செல்லும். 2020-ல் வந்த புதிய மகிந்திரா தாருக்கே நிறுவனம் குறிப்பிடும் நீர் ஆழம் 650 மில்லி மீட்டர்தான். பழைய வண்டிக்குச் சக்கர நடு அளவே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் நீர், இரவு நேரம், மின்கம்பி அறுந்த தெரு, திறந்த மழைநீர் வடிகால் இருக்கும் சாலை ஆகிய நான்கிலும் இறங்கவே கூடாது. தேங்கிய நீரில் ‘4 லோ’ முதல் கியரில், நிற்காமல், நடை வேகத்தில் போக வேண்டும்.

நீரில் எஞ்சின் நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், காற்றைப் போல அது அழுந்தாது. கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே போய்விடும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இந்தச் சேதத்தைத் தராது. முழுமையான பாலிசியிலும் எஞ்சின் பாதுகாப்புக்குத் தனிப் பிரிவு சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பி வந்த அன்றே அடிப்பகுதியைக் கழுவுங்கள். பிரேக்கை மெல்ல மிதித்து ஓட்டிக் காய வையுங்கள். ஐந்து எண்ணெய்களையும் மறுநாள் பாருங்கள். வெயில் காலத்திலும் மாதம் ஒருமுறை மண் தரையில் ‘4’-ல் போட்டுச் சிறிது தூரம் ஓட்டி வையுங்கள். டிசம்பரில் தேவைப்படும் கம்பி டிசம்பரில் இறுகிக் கிடந்தால் வண்டி வாங்கியதில் பொருளில்லை.

கடைசியாக ஒன்று. அரை மூட்டைச் சர்க்கரை ஒரு நாள் தாமதமாகப் போவதால் எந்த வாடிக்கையாளரும் நம்மை விட்டுப் போவதில்லை. வண்டியை ஓட்டிச் செல்லும் தம்பி பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்பதுதான் முதல் கணக்கு. “இதற்கு மேல் போகாதே, திரும்பி வந்துவிடு” என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வண்டி திரும்பி வந்துவிட்டதற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். போகும் இடம் வரை போவது மட்டும் வண்டியின் திறமையல்ல. சரக்கை இறக்கிவிட்டு ஆளோடு கடை வாசலுக்குத் திரும்புவதுதான் திறமை. அதற்குத் தேவையானதை மட்டும் செய்யுங்கள். அதை முழுமையாகச் செய்யுங்கள்.